மூன்றாவது கதவு

சமத்துவம் என்றால் என்னவென்று யாராவது உங்களிடம் கேட்டால் நேராக எங்கள் கம்பெனிக்குக் கூட்டி வாருங்கள். அங்கே அதற்கு ரோஸ் கலரில் டைல்ஸ் ஒட்டி, எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி, வெளியே பூட்டும் போட்டு வைத்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் கேட்டீர்களே, ‘பனியன் கம்பெனியாக்கா? இப்பெல்லாம் லேடீஸுக்கு நல்ல வசதி பண்ணிக் குடுத்திருக்காங்களாமே’ என்று. அதற்குத்தான் பதில் சொல்கிறேன். பஸ் அவிநாசி தாண்டுவதற்குள் முடித்துவிடுவேன்.

என் பெயர் தெய்வானை. செக்கிங் செக்‌ஷன். தைத்து வருகிற பனியனை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்துப்போட்டு ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்த்து, அந்த இடத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பத்தொன்பது வருஷமாகக் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் நான் பேசினால் கொஞ்சம் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பனியனை வாங்குகிறவன் கடல் தாண்டி இருக்கிறான். அவனை நாங்கள் பார்த்ததில்லை, எங்களை அவன் பார்த்ததில்லை. ஆனால் திடீரென்று ஒரு நாள் அவனுக்கு எங்கள் மேல் அக்கறை பொங்கிவிட்டது. நூல் நூற்கிற மில்லில் ஆரம்பித்து, சாயப்பட்டறை, தையல், பெட்டி கட்டி லாரியில் ஏற்றுகிற இடம் வரைக்கும் ஆணும் பெண்ணும் சமமாக இருக்க வேண்டும், திருநங்கைகளுக்கும் வேலை கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சீசன் ஆர்டர் கிடையாது என்று எழுதி அனுப்பினான். அதே கடிதத்தில் பீஸுக்கு விலையையும் குறைத்திருந்தானாம். அந்தப் பக்கத்தை மட்டும் நோட்டீஸ் போர்டில் ஒட்டவில்லை.

அபிராமி மேடம் என்று ஒரு ஹெச்.ஆர். என் பையன் வயதுதான் இருக்கும். அவள்தான் எங்களுக்குச் சமத்துவம் சொல்லிக்கொடுத்தாள். கேன்டீனில் பெஞ்சுகளை ஓரங்கட்டி, எங்களை வட்டமாக நிற்க வைத்து, ஒரு நூல்கண்டைக் கொடுத்து, நுனியைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பவருக்குத் தூக்கிப் போடச் சொன்னாள். அவர் இன்னொருவருக்கு. கடைசியில் பார்த்தால் நடுவில் பெரிய வலை. ‘பார்த்தீங்களா, நாம எல்லாரும் ஒருத்தரோட ஒருத்தர் பின்னியிருக்கோம்’ என்றாள். கை தட்டினோம், போட்டோ எடுத்தார்கள். அவள் ஏசி ரூமுக்குப் போய்விட்டாள். சிக்கெடுத்தது நானும் கூட்டுகிற அம்மாவும்.

பெண்கள் புகார் கமிட்டி என்று ஒன்று வேறு உண்டு. அதில் நான் மெம்பர். போர்டில் என் போட்டோ தொங்குகிறது. நான் மெம்பர் என்பதை, வாங்குகிறவன் ஆள் அனுப்பிச் சோதிக்கிற ஆடிட் வருவதற்கு முந்தின நாள் எனக்குச் சொன்னார்கள். ‘எப்ப மேடம் ஆனேன்?’ என்றேன். ‘ரெண்டு வருஷமா இருக்கீங்கக்கா. கேட்டா அப்படித்தான் சொல்லணும்’ என்றாள். சரி என்றேன். போட்டோவில் நன்றாகத்தான் விழுந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மோனிஷா வந்தது. திருநங்கை. ‘அது’ என்று சொல்லக் கூடாதாம், ‘அவங்க’ என்று சொல்ல வேண்டுமாம். அதற்கும் ஒரு வகுப்பு நடந்தது. அந்த வகுப்பிலும் நூல்கண்டு உண்டு.

ஆறடி உயரம். கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. குரல் மட்டும் எங்கேயோ தொண்டைக்குள்ளிருந்து மெதுவாக வரும். வாசல் கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற முதல் மேஜையில் அதை உட்கார வைத்தார்கள். பனியனை மடித்துக் கவரில் போடுகிற வேலை. ‘எனக்குத் தையல் தெரியும் மேடம், பவர்டேபிள் நல்லா ஓட்டுவேன்’ என்று கேட்டுப் பார்த்தது. ‘கொஞ்ச நாள் போகட்டும்’ என்றார்கள். எத்தனை நாள் போனாலும் நடக்காது. தையல் மெஷினெல்லாம் உள்ளே இருட்டுப் பக்கம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் வருகிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? ஜவுளிக்கடை வாசலில் சேலை கட்டி பொம்மை நிற்கிறதில்லையா, அந்த உத்தியோகம்தான்.

அதற்கே அது பூரித்துப் போயிருந்தது. கழுத்தில் தொங்குகிற கம்பெனி கார்டைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே இருக்கும். தாலியைக்கூட நான் அப்படித் துடைத்ததில்லை. ‘என்ன, அதுல என்ன புதையலா இருக்கு?’ என்று ஒரு தடவை கேட்டேன்.

‘இந்தக் கார்டைப் பாத்துதான்க்கா ஹவுஸ் ஓனர் ரூம் குடுத்தாரு. இது இல்லீன்னா காலி பண்ணச் சொல்லிருவாரு. மறுபடி கடை கடையா நின்னு கை தட்டத்தான் போகோணும்.’

‘நல்லாத்தான் தட்டுவே, கை அந்த சைஸ்ல இருக்குது’ என்றேன். அதுவும் சிரித்தது. அப்படித்தான், எதற்கும் கோபம் வராது. கோபம் வராதவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது.

இப்போது பாத்ரூமுக்கு வருகிறேன். ஆண்கள், பெண்கள் என்று ரெண்டு கதவு ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பக்கத்தில் சுவரை இடித்து மூன்றாவதாக ஒரு கதவு வைத்தார்கள். ஆள் ஒன்று, அதற்குத் தனியாக ஒன்று. ரோஸ் டைல்ஸ், நிலைக்கண்ணாடி, வாஷ்பேசின், காலால் மிதித்தால் வாயைத் திறக்கிற குப்பைத்தொட்டி. சாவி மோனிஷா கையில். திறப்பு விழாவுக்கு எம்.டி. வந்து ரிப்பன் வெட்டினார். பாத்ரூமுக்கு ரிப்பன் வெட்டிய ஒரே ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

எங்கள் கதவுக்கு உள்ளே என்ன இருந்தது? ஒன்றில் தாழ்ப்பாள் கிடையாது, கையால் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒன்றில் தண்ணீர் வராது. குப்பைத்தொட்டி என்கிற பேச்சே இல்லை. மாதாந்திர நாளில் நாப்கினைப் பேப்பரில் சுற்றி டிபன் பைக்குள் போட்டு வீட்டுக்குத் தூக்கிப் போவோம். காலையில் சோறு கொண்டுவந்த அதே பை. அதுகூடப் பரவாயில்லை, உள்ளே போவதற்கு டோக்கன். பிளைவுட்டில் ஒரு துண்டு, எங்கள் லைன் நம்பரைப் பெயின்டில் எழுதி, சூப்பர்வைசர் மயில்சாமி மேஜையில் ஆணி அடித்து மாட்டியிருக்கும். லைன் முழுக்க அந்த ஒரு டோக்கன்தான். ஒருத்தி எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். டோக்கன் இல்லாமல் போனால் அன்றைக்கு அரை நாள் சம்பளம் போச்சு. ஆடிட் வருகிற அன்றைக்கு மட்டும் டோக்கன் டிராயருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

நீங்களும் பெண்தானே, சொல்வதற்கு என்ன. எனக்கு அப்போது உடம்பு சரியில்லை. நிற்கிற வயதில் நிற்காமல் கொட்ட ஆரம்பித்துவிட்டது. மாதத்தில் பாதி நாள் அப்படித்தான். எழுந்து எழுந்து டோக்கனுக்குப் போய் நின்றால் மயில்சாமி லைனுக்கே கேட்கிற மாதிரி, ‘ஏம்மா தெய்வானை, இப்பத்தான போய்ட்டு வந்தே? உள்ள சீட்டு கீட்டு ஏதாச்சும் நடத்துறியா?’ என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் எல்லாம் பெண்கள்தான், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் எழுந்து பார்க்கிறேன், பிளாஸ்டிக் சேர் நனைந்திருக்கிறது. டோக்கன் ஆணியில் இல்லை. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருக்கிறேன். முதல் மேஜையிலிருந்து மோனிஷா எழுந்து வந்தது. தன் தோளில் கிடந்த துப்பட்டாவை எடுத்து என் இடுப்பைச் சுற்றிக் கட்டியது. மடித்து வைத்திருந்த பழைய வேஸ்ட் துணியால் சேரைத் துடைத்தது. கையில் சாவியை வைத்தது.

‘என்னுதுக்கு டோக்கன் கெடையாதுக்கா. போங்க.’

அதுதான் உண்மை. ரூல் எழுதினவனுக்கு அதைப் பற்றி யோசனையே வரவில்லை. நான் போனேன். நன்றி சொல்ல வேண்டிய இடம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது செய்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அத்தனை பேர் முன்னால், ஏதோ மகாராணி கஜானாச் சாவியை எடுத்துக் கொடுத்த மாதிரி.

அதற்கப்புறம் அந்தச் சாவி முதல் மேஜையின் காலில் தொங்கும். முதலில் நான் மட்டும். பிறகு, மாசமாக இருக்கிற ஒரு பெண். பிறகு டெய்லர் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுக்கிற சின்னப் பெண்கள். அப்புறம் யார் எடுக்கிறார்கள், யார் வைக்கிறார்கள் என்றே கணக்கில்லை. மயில்சாமி திரும்புகிற நேரம் பார்த்து ஒவ்வொருத்தியாக நழுவுவாள். ‘இலவச பஸ்ஸு மாதிரில்ல ஆயிப்போச்சு’ என்று ஒருத்தி சொன்னாள். மோனிஷா விடுமா? ‘ஏறுங்க ஏறுங்க, டிக்கெட் இல்லை. உள்ள போய்க் கண்ணாடியப் பாத்துப் பொட்டு வச்சுட்டே மட்டும் நிக்காதீங்க, ஸ்டாப்பிங்ல கூட்டம் நிக்குது’ என்றது. பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறவள் யார் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஆனால் மத்தியானம் சாப்பிடும்போது அது தனியாகத்தான் உட்காரும். அது கொண்டுவருகிற குழம்பில் யாரும் கை வைக்க மாட்டோம். என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? பாத்ரூம் வேறு, சோறு வேறு.

ஆடிட் வந்தது. முந்தின நாளே எங்கள் பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் வந்தது, சோப்பு வந்தது, பக்கெட்டுக்கு மூடிகூட வந்தது. டோக்கன் டிராயருக்குள் போயிற்று. அபிராமி மேடம் கையில் ஸ்ப்ரே டப்பாவோடு மூலை மூலையாக அடித்துக்கொண்டு போனாள். மூன்றாவது கதவுக்கு முன்னால் வந்து நின்று, ‘இது புதுசுதானே, ஒரே ஆள்தானே, இதைப் பார்க்க வேண்டியதில்லை’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். இருக்கிறதிலேயே அழுக்கு அதிகமாகச் சேருகிற இடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பெங்களூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தாள். காட்டன் சேலை, வெட்டிய முடி, தமிழ் நன்றாகவே பேசினாள். எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் அந்தக் கதவுக்கு வந்தாள். கமிட்டி மெம்பர் என்று என்னையும் கூடவே நடக்க வைத்திருந்தார்கள்.

‘இதை எத்தனை பேர் பயன்படுத்துறாங்க?’

‘மோனிஷா மட்டும்தான் மேடம். சாவியே அவங்ககிட்டதான் இருக்கும். அது எங்க பாலிசி’ என்றாள் அபிராமி. பெருமை முகத்தில் வழிந்தது.

அந்த அம்மா தொட்டியின் பெடலை மிதித்தாள். தொட்டி வாயைத் திறந்தது. மூடியை முட்டுகிற அளவுக்கு நாப்கின் நிரம்பியிருந்தது. அன்றைக்குக் காலையில் யார் யார் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் போனேன், அது தெரியும்.

போனை எடுத்துத் தொட்டியைப் போட்டோ எடுத்தாள். பிறகு ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து மோனிஷாவைக் கூப்பிடச் சொன்னாள். கூட ஒரு பெண் உறுப்பினர் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம், அதனால் எனக்கும் ஒரு நாற்காலி, டீ, பிஸ்கட்.

‘வேறொரு கம்பெனியில சாதாரணப் பொண்ணு ஒருத்தங்களைத் திருநங்கைன்னு சொல்லிக் கணக்குக் காட்டினாங்க. ஆர்டருக்காக. நீங்களும் அதைத்தான் பண்ணியிருக்கீங்களா?’ என்று அபிராமியைக் கேட்டாள்.

‘மேடம், கார்டு இருக்கு மேடம், கவர்மென்ட் கார்டு’ என்று அபிராமி எழுந்தே நின்றுவிட்டாள்.

‘அங்கேயும் கார்டு காட்டினாங்க.’

எதிரே ஆறடி உயரத்துக்கு நிற்கிறது. ரோட்டில் போகிற குழந்தைகூடச் சொல்லிவிடும். படித்தவளுக்குக் குப்பைத்தொட்டியைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடிகிறது! ஆனால் அவளையும் சொல்லிக் குற்றமில்லை. போகிற இடமெல்லாம் பொய்யையே துடைத்துத் துடைத்துக் காட்டினால், நிஜம் ஒன்று எதிரே வந்து நிற்கும்போது எவளால் நம்ப முடியும்?

‘இல்லைன்னா வேற பெண்கள் யாராவது அதைப் பயன்படுத்துறாங்களா? அப்படீன்னா ஏன்? அவங்களுக்குத்தான் தனியா இருக்கே’ என்று கேட்டாள்.

அபிராமிக்கு வேர்த்துவிட்டது. மோனிஷா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். நான் தட்டில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்தேன். முந்திரி பிஸ்கட்.

நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். சொல்கிறது சுலபம். நான்தான் போனேன் என்று சொல்லியிருந்தால், ஏன் போனாய் என்று கேட்பாள். டோக்கன் என்பேன். டோக்கனைக் காட்டு என்பாள். அவள் சாயங்காலம் பெங்களூர் போய்விடுவாள், மறுநாள் காலையில் கேட்டில் நிற்கப்போவது நான். பத்தொன்பது வருஷம். மோனிஷா வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

‘அது என்னுதுதாங்க மேடம்’ என்றாள் மோனிஷா. ‘ஆபரேஷன் பண்ணுன எடத்துல இன்னும் ரத்தம் வருதுங்க. சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு.’

அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எழுந்து வந்தாள். மோனிஷாவின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ‘என்னை மன்னிச்சுக்குங்க. உங்களை இப்படிக் கேட்டிருக்கக் கூடாது’ என்றாள். எங்கள் கண் முன்னாலேயே போட்டோவை அழித்தாள். அபிராமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. ஆர்டர் தப்பித்ததே, அதனால்.

வெளியே வந்ததும் கேட்டேன். ‘ஏன் அப்படிச் சொன்னே?’

‘வேறென்னக்கா சொல்றது. உங்களுக்கு இன்னிக்கு முடியல, முகமே வெளுத்துக் கெடக்குது. போய் உக்காருங்க’ என்றாள்.

பொய் சொல்கிறவள் அடுத்த பொய்யையும் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டாமா? மறுநாள் காலையில் அபிராமி கூப்பிட்டு அனுப்பினாள். ரத்தம் வருகிற ஆளை வேலைக்கு வைத்து ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனி பொறுப்பு. அதனால் லீவு எடுத்துக்கொண்டு, டாக்டரிடம் ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும், கார்டைக் கேட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றாள்.

‘நான் நல்லாத்தாங்க மேடம் இருக்கறேன்.’

‘நேத்து நீங்கதானே மோனிஷா சொன்னீங்க? எங்களுக்கு உங்க ஹெல்த்துதான் முக்கியம்.’

டாக்டரிடம் போனால், புண்ணும் இல்லை, ரத்தமும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்று எழுதிவிடுவார். அப்படியானால் தொட்டியில் இருந்தது யாருடையது என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். போகாவிட்டால் வேலை இல்லை. தானே நெய்து தானே மாட்டிக்கொண்டாள்.

சில நாள் காலையில் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. எங்கள் பெண்கள் ஸ்கூட்டியைச் சட்டென்று முறுக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். மாசமாக இருந்த பெண் மட்டும் நின்று ஏதோ பேசினாள், பிறகு அவளும் மணி ஆகிவிட்டது என்று வந்துவிட்டாள். எனக்கும் மணி ஆகிவிட்டது. கமிட்டி மெம்பராச்சே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கமிட்டிக்குப் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் கொடுக்கவில்லை. கொடுக்காத புகாரை நான் எப்படி விசாரிப்பது?

யார் அவளைச் சொல்லச் சொன்னது? நான் கேட்டேனா? காலில் விழுந்தேனா? கேட்காமல் நல்லது செய்கிறவர்களால்தான் மற்றவர்களுக்குச் சங்கடம். அப்புறம் அதைச் சுமந்துகொண்டு திரிய வேண்டியிருக்கிறது.

கம்பெனிக்கு ஒன்றும் குறையில்லை. அனைவரையும் அரவணைக்கும் நிறுவனம் என்று கடல் தாண்டி இருக்கிற பையர் ஒரு ஷீல்டு அனுப்பியிருக்கிறான், ரிசப்ஷனில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. சுவர் போஸ்டரில் மோனிஷா இன்னும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது கதவு பூட்டிக் கிடக்கிறது, சாவி அபிராமி டிராயரில். குப்பைத்தொட்டியை எம்.டி. ரூமுக்கு எடுத்துக்கொண்டார்கள். டோக்கன் ஆணிக்குத் திரும்பி வந்துவிட்டது.

இதெல்லாம் நான் ஏன் உங்களிடம் சொல்கிறேன் தெரியுமா? நீங்கள் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றுகொண்டிருந்தபோது, ஒவ்வொரு ஜன்னலாகக் கை தட்டிக்கொண்டு வந்தாள். மோனிஷாதான். வெயிலில் கறுத்துப் போயிருக்கிறாள். மூக்குத்தியைக் காணோம். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. என்ன கத்தப்போகிறாளோ, பஸ்ஸில் அத்தனை பேர் இருக்கிறார்கள், சாபம் கீபம் விடப்போகிறாளோ என்று பர்ஸிலிருந்து பத்து ரூபாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். வாயடைக்கலாம் என்றுதான்.

என் ஜன்னலுக்கு வந்தாள். கை தட்டுகிறதை நிறுத்திவிட்டாள். பத்து ரூபாயைப் பார்த்தாள், எடுக்கவில்லை. கம்பியில் முகத்தை வைத்து, பக்கத்து சீட்டுக்குக்கூடக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

‘அக்கா, ரத்தம் நின்னுருச்சா?’

பஸ்ஸில் வைத்துக் கேட்கிற கேள்வியா இது? என் வீட்டுக்காரர் கேட்டதில்லை. என் பையன் கேட்டதில்லை. இவள் யார் கேட்பதற்கு? எவ்வளவு திமிர் பாருங்கள்.

‘நின்னுருச்சு’ என்றேன். சொல்லிவிட்டுக் கண்ணாடியை இழுத்துச் சாத்தினேன். ‘நல்லதுக்கா’ என்று சொன்ன மாதிரி இருந்தது. கண்ணாடிக்கு உள்ளே சரியாகக் கேட்கவில்லை. அடுத்த ஜன்னலில் கை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நிற்கவில்லைங்க. எங்கே நின்றது? அதற்குத்தானே பெரியாஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.